கார்க் கதவு திறக்காத நேரத்தில் கை எங்கே போக வேண்டும்?

புதுக் கார் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் நோண்டிப் பார்ப்பார்கள். போனை எப்படி இணைப்பது, இருக்கையை எப்படிச் சாய்ப்பது, திரையில் எந்த மூலையில் எது இருக்கிறது என்று ஒன்றையும் விடமாட்டார்கள். மின்சாரம் போய்விட்டால் கதவை எப்படித் திறப்பது என்று தேடிப் பார்த்தவர்கள் மட்டும் குறைவு. நானும் பார்த்ததில்லை, ஒருநாள் மாட்டிக்கொள்ளும் வரை.

உறவினர் ஒருவரின் கார். அவர் ஏதோ வேலையாக இறங்கிப் போய்விட்டார், நான் பின் இருக்கையில். சற்று நேரம் கழித்து இறங்கலாமென்று கதவுப் பட்டனை அழுத்தினேன். வழக்கமாக வரும் 'டிக்' சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். பக்கத்துக் கதவுக்கு நகர்ந்து அங்கேயும் அழுத்தினேன். திரை அணைந்து கிடந்தது. திரும்பி வந்தவர் வெளியே நின்றுகொண்டு ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே புகுந்து முன்னால் போய், கதவைத் தடவித் தடவி ஒரு சின்ன நெம்புகோலைக் கண்டுபிடித்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தேன். நிழலில் நின்ற கார், உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் வேலை செய்யாது என்று தெரிந்த பிறகும் என் கை அந்தப் பட்டனுக்கே திரும்பத் திரும்பப் போனது இன்னும் மறக்கவில்லை. கை பழகிய இடத்துக்குத்தான் போகும். அதற்கு இரண்டாவதாக ஓர் இடத்தைப் பழக்கிவைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. அரை மணி நேரம் ஒதுக்கி, காரில் உட்கார்ந்துகொண்டே படித்தால் இன்னும் நல்லது.

முதல் வேலை: உங்கள் கதவு எந்த வகை?

பூட்டு வேறு, தாழ் வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கதவைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது தாழ். அந்தத் தாழை யாரும் விடுவிக்காதபடி தடுப்பது பூட்டு. சென்ட்ரல் லாக் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதில் பூட்டுதான் மின்சாரத்தில் ஓடுகிறது. உள் கைப்பிடியை இழுத்தால் ஒரு கேபிளோ கம்பியோ தாழை நேரடியாக இழுக்கும். பேட்டரி செத்துப் போனாலும் இந்த வகைக் கதவு பெரும்பாலும் உள்ளிருந்து திறந்துவிடும்.

புதிய வகையில் தாழே மின்சாரத்துக்குப் போய்விட்டது. நீங்கள் அழுத்துவது வெறும் சுவிட்ச். அது கணினிக்குத் தகவல் சொல்ல, கணினி தாழுக்குள் இருக்கும் சின்ன மோட்டாரை ஓட்ட, கதவு விடுபடுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பட்டனுக்கு வேலை இல்லை. மின்சாரக் கார்தானே, அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கிறதே என்று தோன்றலாம். அந்தப் பெரிய பேட்டரி சக்கரத்தைச் சுற்றுவதற்கு. கதவு, விளக்கு, திரை எல்லாம் பொதுவாக 12 வோல்ட் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பெரியது நிரம்பியிருக்கும்போதே சின்னது படுத்துவிட முடியும்.

எந்த வகை என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். காரை அணைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து, கைப்பிடியை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீளமாக வந்து, கையில் கனம் தெரிந்து, 'கடக்' என்று விடுபட்டால் அது கேபிள். வெறும் பட்டனாக இருந்தாலோ, லேசாகத் தொட்டதும் மோட்டார் சத்தம் கேட்டாலோ அது மின்தாழ். இரண்டும் கலந்த வகையும் உண்டு: சிறிது இழுத்தால் மின்சாரம் திறக்கும், முழுக்க இழுத்தாலோ இரண்டாம் முறை இழுத்தாலோ கேபிள் திறக்கும். லெக்ஸஸ் கார்கள் சிலவற்றில் உள் கைப்பிடியை அழுத்தினால் மின்சாரம், இரண்டு முறை இழுத்தால் இயந்திரம். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான். பதற்றத்தில் கை தானாகவே அந்தக் கைப்பிடியைத்தானே பிடித்து இழுக்கும்? தனியாக ஓர் இடத்தை நினைவில் வைக்கத் தேவையில்லை.

நான்கு கதவுகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முன் கதவு ஒரு மாதிரியும் பின் கதவு வேறு மாதிரியும் இருப்பது சாதாரணம்.

இரண்டாவது: கைத்திறப்பைத் தேடிப் பிடியுங்கள்

மின்தாழ் உள்ள கார்களில் மின்சாரம் இல்லாமல் திறக்க ஒரு நெம்புகோலோ கேபிளோ இருக்கும். இதைக் கைத்திறப்பு என்று சொல்லிக்கொள்வோம். சிக்கல் என்னவென்றால், அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. 2005இல் வந்த ஆறாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டில் அது இருக்கைக்கு அருகே தரையில் இருந்தது. 2015இல் அமெரிக்காவின் டெக்சாஸில், பேட்டரி கேபிள் கழன்றுபோன 2007 மாடல் கார்வெட் ஒன்றுக்குள் 72 வயது முதியவரும் அவருடைய நாயும் வெப்பத்தில் இறந்து கிடந்தார்கள். நெம்புகோல் காரில் இருந்தது, அவருடைய கை அங்கே போகவில்லை.

டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் முன் கதவுக் கைத்திறப்பு சுலபம்: கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளுக்கு முன்னால் இருக்கும் பகுதியை மேலே தூக்கினால் போதும். பின்பக்கம் வந்தால் கதை மாறுகிறது. மாடல் 3இன் பழைய வண்டிகளில் பின் கதவுக்குக் கைத்திறப்பே இல்லை. மாடல் ஒய்யில் சில வண்டிகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. உள்ளவற்றில் கதவுப் பையின் அடியில் கிடக்கும் விரிப்பை எடுத்து, அதற்குக் கீழே உள்ள மூடியைத் திறந்து, கேபிளை முன்பக்கமாக இழுக்க வேண்டும். மாடல் எக்ஸின் மேல்நோக்கித் திறக்கும் பின் கதவுகளில் ஸ்பீக்கரின் வலை மூடியைக் கழற்றினால்தான் கேபிள் தெரியும். ஸ்பீக்கரைக் கழற்றினால் கதவு திறக்கும் என்று புகை நடுவே யாருக்குத் தோன்றும்? அதனால்தான் இன்றைக்கே பார்த்துவைக்கச் சொல்கிறேன்.

காரோடு வந்த கையேட்டை எடுங்கள். திரைக்குள் மட்டுமே கையேடு இருக்கும் கார் என்றால், மின்சாரம் போனால் அதுவும் போகும். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து, அந்தக் கதவின் கைத்திறப்பைத் தொடுங்கள். தொட்டால் மட்டும் போதாது, ஒருமுறை இழுத்துத் திறக்க வேண்டும்.

இழுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மேலே சட்டம் இல்லாத கண்ணாடிக் கதவுகள் பட்டனில் திறக்கும்போது கண்ணாடியைத் தானாகக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். கைத்திறப்பில் சில கார்களில் அது நடக்காது. கண்ணாடி ரப்பர் விளிம்பில் உரசிச் சேதமாகலாம். பயிற்சிக்கு முன் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள். நிஜமான ஆபத்தில் ரப்பர் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

கண் திறந்து இரண்டு முறை செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறை செய்யட்டும். இரவும் புகையும் அப்படித்தான் இருக்கும். பின் இருக்கையில் வழக்கமாக உட்காரும் குழந்தைகளும் வீட்டுப் பெரியவர்களும் தாங்களே இழுத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு கற்றுவிடுவார்கள். பெரியவர்களுக்கு விரலில் அந்த வலு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பின் கதவில் கைத்திறப்பே இல்லையென்றால், பின்னால் இருப்பவர்களின் வழி முன் கதவுதான். அதையும் ஒருமுறை செய்து பாருங்கள். நடுவே புகுந்து போக முடிகிறதா, முன் இருக்கையைச் சாய்க்கும் லீவருக்குப் பின்னாலிருந்து கை எட்டுகிறதா? இருக்கை மோட்டாரில் நகர்வது என்றால் மின்சாரம் இல்லாதபோது அதுவும் அசையாது.

சைல்டு லாக்கும் இரட்டைப் பூட்டும்

பின் கதவின் விளிம்பில் இருக்கும் சின்னக் கட்டையோ ஓட்டுநர் பக்கத்துப் பட்டனோ சைல்டு லாக்கைப் போட்டிருந்தால், உள் கைப்பிடி திறக்காது. சில கார்களில் கைத்திறப்பு அதையும் மீறித் திறக்கும், சிலவற்றில் மீறாது. சைல்டு லாக்கைப் போட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். குழந்தைகள் வளர்ந்த பிறகும் அந்த லாக் போட்டபடியே கிடக்கும் கார்கள் ஏராளம்; தேவை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இரட்டைப் பூட்டு இதைவிட மோசம். திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திறக்கக் கூடாது என்பதற்காக, வெளியிலிருந்து ரிமோட்டில் பூட்டும்போது சில கார்கள் உள் கைப்பிடிகளையும் செயலிழக்கச் செய்கின்றன. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து ரிமோட்டில் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. "ரெண்டே நிமிஷம், வந்துடறேன்" என்று போகிறவர்களும்தான்.

கண்ணாடி உடையுமா?

கதவு இல்லாவிட்டால் சன்னல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சுத்தியல் ஒன்று வாங்கிப் போட்டால் போதும் என்றும் நினைக்கிறோம். கார்க் கண்ணாடி இரண்டு வகை. டெம்பர்டு என்பது சூட்டில் பதப்படுத்தியது. கூரான முனை பட்டால் மொத்தமாகச் சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விடும், ஆனால் பிய்ந்து வராது. முன் கண்ணாடி எப்போதும் இந்த வகைதான். சாலை இரைச்சலைக் குறைக்கவும், விபத்தில் ஆட்கள் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்கவும் பக்கக் கண்ணாடிகளிலும் இப்போது இதைப் போடுகிறார்கள். நல்ல காரணங்கள்தான், ஆனால் சுத்தியலுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ 2019இல் 6 கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை 4 கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை உடைத்துத் திறந்தது ஒன்றுகூட இல்லை.

ஆகவே சுத்தியல் வாங்கும் முன் கண்ணாடியைப் படியுங்கள். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். பல கார்களில் அதிலேயே வகை ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இல்லையென்றால் கையேட்டில் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். முன்பக்கம் லேமினேட்டடும் பின்பக்கம் டெம்பர்டுமாக இருக்கும் கார்கள் நிறைய. எந்தக் கண்ணாடி உடையும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

அதே சோதனையில், ஓங்கி அடிக்கும் சுத்தியலைவிட வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கருவிகள் மேலாகச் செயல்பட்டன. தண்ணீருக்குள் கையை வீசி அடிக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்பிரிங் வகையே என் தேர்வு. நடுவில் வைக்காமல் மூலையில் வைத்து அழுத்துங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை அறுக்கும் கத்தியும் அதிலேயே சேர்ந்திருந்தால் நல்லது. கருவியை டிக்கியில் வைத்துப் பயனில்லை. பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில், மோதலில் பறந்துவிடாதபடி மாட்டி வைக்க வேண்டும். ஹெட்ரெஸ்டைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்ற யோசனை இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஹெட்ரெஸ்ட் கம்பி அதற்காகச் செய்ததல்ல. அதை நம்பிக் கருவி வாங்காமல் இருக்காதீர்கள்.

மோதலுக்குப் பின், புகை வரும்போது

ஏர்பேக் விரிந்தால் பூட்டுகள் தானாகத் திறந்துகொள்ளும்படி பல கார்களை அமைத்திருக்கிறார்கள். நடந்தால் நல்லது. உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பெல்ட்டைக் கழற்றுங்கள்.
2. பட்டனை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். திறக்கவில்லையா, இரண்டாம் முறை வேண்டாம். கை நேராகக் கைத்திறப்புக்குப் போகட்டும்.
3. தாழ் விடுபட்டும் கதவு நசுங்கி நின்றால், தோளால் ஒரு தள்ளு. அசையவில்லையென்றால் எதிர்ப்பக்கக் கதவு.
4. அதுவும் இல்லையென்றால் கண்ணாடியை இறக்கப் பாருங்கள், இறங்காவிட்டால் டெம்பர்டு கண்ணாடியில் கருவி.

போன், பை, மடிக்கணினி எதையும் தேடாதீர்கள். வெளியே வந்தபின் தூரமாகப் போய் நின்று அவசர உதவியை அழையுங்கள்.

பின் இருக்கையை மடித்து டிக்கி வழியாக வருவதும் ஒரு வழிதான். அமெரிக்காவில் 2001 செப்டம்பரிலிருந்து, தனி டிக்கி உள்ள புதிய கார்களுக்குள் இருட்டில் ஒளிரும் திறப்புக் கைப்பிடி கட்டாயம். வேறு இடங்களிலும் பல கார்களில் அதைக் காணலாம். டிக்கிக் கதவு மேலே தூக்கும் வகையாக இருந்தால், உட்பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அவசரத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரில் விழுந்தால்

இங்கே மட்டும் முறை தலைகீழ்: கதவைத் தொடவே வேண்டாம், முதலில் கண்ணாடி. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் அடியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால், கதவின் மேல் சுமார் 180 கிலோ சாய்ந்து நிற்பதற்குச் சமம். மின்தாழோ கேபிளோ, அந்த எடையைத் தள்ளித் திறப்பது கடினம். திறந்தாலும் தண்ணீர் உள்ளே பாய்ந்து காரை உடனே அமுக்கிவிடும், மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் கார்களை உண்மையாகவே தண்ணீரில் இறக்கிச் சோதித்து, பெல்ட், கண்ணாடி, குழந்தைகள், வெளியேறு என்ற வரிசையைப் பரப்பி வருபவர். கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடத்துக்குள் இவை முடிந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மின்கண்ணாடிகள் பெரும்பாலும் வேலை செய்யும். பக்கக் கண்ணாடி லேமினேட்டட் என்றால் அந்த முதல் விநாடிகளை விட்டால் வேறு வழி மிகக் குறைவு. போன் போடுவதற்கு அந்த நிமிடத்தில் இடமில்லை. குழந்தைகளை முதலில் சன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டுப் பின்னாலேயே நீங்கள் வர வேண்டும். உள்ளே தண்ணீர் நிரம்பினால் இருபக்க அழுத்தமும் சமமாகிக் கதவு திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகக் காத்திருப்பது கடைசிக் கட்டம். அப்போதும் பட்டனை நம்பாமல் கைத்திறப்பை இழுங்கள்.

குழந்தை உள்ளே, நீங்கள் வெளியே

இது அதிகம் பேசப்படாத ஆபத்து. 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 மாடல் டெஸ்லா மாடல் ஒய் சுமார் 1,74,000 கார்கள் பற்றி விசாரணை தொடங்கியது. 12 வோல்ட் மின்சாரம் குறைந்து வெளிக் கைப்பிடிகள் வேலை செய்யாமல், பெற்றோர்கள் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை எடுத்த புகார்கள் அதில் இருந்தன. பேட்டரி எச்சரிக்கை எதையும் முன்கூட்டியே பார்த்ததாக அவர்கள் யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு ஃபோர்டும் இதே போன்ற காரணத்துக்காக மஸ்டாங் மாக்-ஈ கார்கள் சுமார் 1,97,000ஐத் திரும்ப அழைத்தது. முன்னால் இருப்பவர் உள் கைப்பிடியால் வெளியே வந்துவிடலாம். பின்னால் பெல்ட்டில் கட்டிய குழந்தையால் முடியாது.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். குழந்தையைப் பின் இருக்கையில் கட்டிய பிறகு, முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துவிட்டு அப்புறம் பின் கதவைச் சாத்துங்கள். இறங்கும்போதும் முன் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குழந்தையை எடுங்கள். சாவி எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், இருக்கையில் வேண்டாம்.

ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் உருவி வரும். அதற்கான சாவித்துவாரம் பல கார்களில் ஓட்டுநர் கைப்பிடியில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். அதையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். சில கார்களில் துவாரமே கிடையாது. அவற்றில் பேட்டரி இறங்கினால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்கும் முறையைக் கையேடு சொல்லும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 11 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். போன் செயலி, இரும்புச் சாவி இரண்டும் பலிக்கவில்லையென்றால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்காதீர்கள். அவசர உதவியை அழைத்துவிட்டு, குழந்தையிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கும் டெம்பர்டு கண்ணாடியை உடையுங்கள். பின்பு கையை விட்டு உள்ளேயுள்ள கைத்திறப்பை இழுங்கள்.

சின்ன பேட்டரியைக் கவனியுங்கள்

ஈய அமில வகை 12 வோல்ட் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டு ஓடும். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சர்வீஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரக் காருக்கு இது தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரிமோட்டுக்கு உடனே பதில் வராதது, கண்ணாடி சோம்பலாக ஏறுவது, திரை தானாக அணைந்து எழுவது எல்லாம் அறிகுறிகள். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் ஏறும்போது முதலில் கதவைச் சாத்தாமலேயே இயக்கிப் பாருங்கள்.

சட்டங்களும் மெல்ல நகர்கின்றன. 2027 ஜனவரி 1 முதல் சீனாவில் புதிய கார் மாடல்களின் கதவுகளுக்கு உள்ளேயும் வெளியேயும் இயந்திரத் திறப்பு கட்டாயமாகிறது. ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களுக்கு அதனால் எதுவும் மாறாது. வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: "மின்சாரம் இல்லாமல் பின் கதவை உள்ளிருந்து திறந்து காட்டுங்கள்." அவர் எவ்வளவு நேரம் தேடுகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

வாடகைக் காரிலோ நண்பரின் காரிலோ பின்னால் ஏறினால், நான் இப்போது பெல்ட்டைப் போட்ட கையோடு கதவைப் பார்க்கிறேன். பட்டன்தான் என்றால் கதவுப் பையின் அடியில் விரலை விட்டு விரிப்பைத் தூக்கிப் பார்ப்பேன். என்ன தொலைத்தீர்கள் என்று ஓட்டுநர்கள் கேட்கிறார்கள். சொன்னால், பாதிப் பேர் வண்டியை நிறுத்தியதும் இறங்கி வந்து தாங்களும் தேடுகிறார்கள்.